கம்மந்தான் கான்சாகிபு

திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் செல்லும் சாலையில் சந்திரகிரிக் கோட்டையைக் கண்டிராதவர் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒருவரும் இரார். விடுமுறை நாள்களில் கட்டுச்சோறு எடுத்துச் சென்று, ராஜமகாலின் நிழலில் அமர்ந்து உண்டு, குழந்தைகளை ஓடியாட விட்டு, பொழுது சாய்ந்ததும் வீடு திரும்புகின்றோம். விசயநகர வேந்தர்கள் அங்கு அரசிருந்த கதையை நம் பிள்ளைகளும் நன்கறிவர். ஆயினும், அவ்வேந்தர்கள் மறைந்து நூறாண்டுகள் கழிந்தபின், இப்பகுதி முழுவதும் ஒரு பெரும் உள்நாட்டுப் போரில் சிக்கித் தவித்தது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்போரில் காலாட்படை வீரராகப் புகுந்து, படைத்தலைவராக உயர்ந்து, இறுதியில் தாம் யாருக்காகப் போரிட்டாரோ அவர்கள் கையாலேயே தூக்கிலிடப்பெற்ற தமிழர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் கூற விரும்புகின்றோம். அவர்தாம் மருதநாயகம் என்று இன்று பலராலும் அறியப்படும் முகம்மது யூசுப்கான். மதுரை மக்கள் அவரைக் கான்சாகிபு என்றும் கம்மந்தான் என்றும் அழைத்தனர்.

முதலில் அப்போரின் தோற்றத்தைச் சிறிது காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சித்தூரும் திருப்பதியும் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்குள் இருந்தன. 1740-ஆம் ஆண்டு மே மாதத்தில் மராட்டியப் படை கணவாய் வழியே இறங்கி வந்தபோது, நவாபு தோஸ்து அலி அதனை எதிர்த்து நின்ற இடம் பாகாலாவுக்கு அண்மையிலுள்ள தாமலச்செருவு. அங்கேயே அவர் மாண்டார். அவருடைய மகன் சப்தர் அலி 1742-இல் வேலூரில் தம் மைத்துனன் சதியால் கொல்லப்பட்டார். அவர் மகனாகிய இளஞ்சிறுவனும் ஈராண்டுகளில் கொலையுண்டான். ஒரு குடும்பத்தின் பகை ஒரு நாட்டின் பகையாக முற்றியது.

இதன்பின் நவாபு பதவி அன்வருத்தீன் என்பவருக்குச் சென்றது. தோஸ்து அலியின் மருமகனாகிய சந்தா சாகிபு, மராட்டியரின் சிறையிலிருந்து மீண்டு, பிரெஞ்சுக்காரரின் துணையோடு வந்தார். 1749-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆம்பூரில் நடந்த போரில் அன்வருத்தீன் வீழ்ந்தார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடி அங்கிருந்தபடியே தாமே நவாபு என்றார். ஆர்க்காட்டில் இருந்த சந்தா சாகிபும் தாமே நவாபு என்றார். முன்னவருக்கு ஆங்கிலக் கம்பெனியும், பின்னவருக்குப் பிரெஞ்சுக் கம்பெனியும் துணை நின்றன. ஒரே நாட்டு மக்கள் இரு கூறாகப் பிரிந்து ஒருவரையொருவர் வெட்டி மாய்த்தனர். வரலாற்று நூல்கள் இதனைக் கருநாடகப் போர் என்று குறிப்பிடுகின்றன. ஆயினும், வயலில் நின்ற உழவனுக்கு இது வீட்டுக்குள் மூண்ட போராகவே இருந்தது.

நாம் வாழும் இப்பகுதியும் அப்போரின் வெப்பத்துக்குத் தப்பவில்லை. முகம்மது அலியின் உடன்பிறந்தவராகிய அப்துல் வகாபு சந்திரகிரிக் கோட்டையைத் தம் கையில் வைத்துக்கொண்டு, திருப்பதிக்குத் தாமே காவலர் என்றும் கூறிவந்தார். திருமலைக் கோயிலில் அடியவர்கள் செலுத்திய காணிக்கையின் ஒரு பகுதி நவாபின் கருவூலத்துக்குப் போயிற்று. போர்ச்செலவுக்காக ஆங்கிலேயரிடம் கடன்பட்ட நவாபு, அவ்வருவாயை அவர்களுக்கே ஈடாக எழுதிவைத்தார். 1753-இல் முகம்மது கமால் என்னும் படைத்தலைவன் இத்திருத்தலத்தைக் கைப்பற்ற முயன்று, தோல்வியுற்று, உயிரிழந்தான். ஏழுமலையான் உண்டியலில் ஏழை ஒருவன் இட்ட காசு, எங்கோ திருச்சிராப்பள்ளி மதிலடியில் வெடித்த துப்பாக்கி மருந்தாக மாறியிருக்கக் கூடும் என்று எண்ணும்போது நம் உள்ளம் கனக்கின்றது.

அப்போரைத் தோளில் சுமந்தவர்கள் சிப்பாய்கள். இவர்கள் எவராலும் கட்டாயப்படுத்திப் பிடித்து வரப்பட்டவர் அல்லர். தாமாகவே வந்து பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்கள். நாட்டுப்பற்று அவர்களை அழைத்து வந்தது என்று சொல்வதற்கில்லை. மாதந்தோறும் கிடைக்கும் சம்பளமும், பஞ்சத்திலும் கொள்ளையிலும் சிதைந்த ஊர்களில் வேறு பிழைப்பு இல்லாமையுமே அவர்களைப் பாசறைக்கு அழைத்தன. தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முசுலிம்களும் தோளோடு தோள் நின்றனர். நூறு பேர் சேர்ந்தது ஒரு கம்பெனி. அதன் தலைவர் சுபேதார். அவருக்குக் கீழே சமாதாரும் அவில்தாரும் இருந்தனர். ஐரோப்பிய முறையில் வரிசையாக நின்று சுடவும், ஒரே அடியாக நடக்கவும் பழக்கப்பட்ட இக்காலாட்படையே பழைய குதிரைப்படைகளின் காலத்தை முடித்து வைத்தது.

இத்தகைய படையில் பெயர் பெற்றவர் யூசுப்கான். இராமநாதபுரத்தைச் சார்ந்த பனையூரில், வேளாளர் குடியில், 1725-ஆம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. மருதநாயகம் என்பது இளமைப் பெயர். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி, இசுலாம் சமயத்தைத் தழுவி, பல ஊர்களில் பலரிடம் பணிபுரிந்தார். பின்னர் நெல்லூருக்குச் சென்று படைத்தொழிலில் படிப்படியாக உயர்ந்தார். ஆங்கிலேயரின் பழைய ஏடுகள் அவரை நெல்லூர்ச் சுபேதார் என்றே குறிக்கின்றன. பனையூரில் பிறந்த தமிழர் தெலுங்கு நாட்டு ஊரொன்றின் பெயரால் முதன்முதலில் அறியப்பட்டார் என்பது, இங்கே வந்து வாழும் நமக்கு ஒரு தனி நெருக்கத்தைத் தருகின்றது. பிழைப்புத் தேடி வடக்கே வந்த தமிழர்களின் வரிசை நம்மோடு தொடங்கியதன்று.

1751-ஆம் ஆண்டில் கிளைவு ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஏறத்தாழ ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அதனையடுத்து நிகழ்ந்த போர்களின்போது யூசுப்கான் தம்மைச் சேர்ந்த வீரர்களுடன் ஆங்கிலேயர் படையில் சேர்ந்தார். அதற்கு முன் அவர் சந்தா சாகிபின் பக்கம் இருந்தார் என்றும் கூறுவர். அக்காலத்துப் போர்வீரர் பக்கம் மாறுவது புதுமையன்று. ஆனால், சேர்ந்த இடத்தில் அவர் காட்டிய திறமை புதுமையாக இருந்தது. மேசர் லாரன்சு என்னும் ஆங்கிலத் தளபதி அவருடைய தகுதியை விரைவில் உணர்ந்து, ஐரோப்பியப் போர்முறைகளை அவருக்குக் கற்பித்தார்.

1752-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சந்தா சாகிபு பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். எனினும் போர் ஓயவில்லை. திருச்சிராப்பள்ளியைப் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் சூழ்ந்துகொண்டன. 1753, 1754 ஆகிய ஆண்டுகளில் அந்நகரத்தின் உயிர், தஞ்சையிலிருந்தும் தொண்டைமான் நாட்டுக் காடுகளிலிருந்தும் வந்த தானிய மூட்டைகளையே நம்பியிருந்தது. எருதுகளின் முதுகில் அரிசியை ஏற்றி, பகைவர் கண்ணில் படாமல் இரவில் காட்டு வழியாகக் கொண்டுவந்து சேர்ப்பது எளிய செயலன்று. எந்த ஒற்றையடிப் பாதை எங்கே பிரியும், எந்தக் கிராமத்தார் நம்பத்தக்கவர், பகைவரின் குதிரைவீரர் எந்நேரத்தில் உலவுவர் என்பவற்றையெல்லாம் அறிந்து அப்பணியைச் செய்தவர் யூசுப்கான். வெட்டிக் குவிப்பது மட்டும் வீரமன்று, பசித்திருக்கும் ஊருக்குச் சோறு கொண்டு சேர்ப்பதும் வீரமே என்பதற்கு இவ்வாண்டுகள் சான்று.

அக்காலத்திலேயே அவருக்கு ஒரு சோதனையும் நேர்ந்தது. தளபதி லாரன்சின் துபாசியாக இருந்த பொன்னியப்பன் என்பவன் அவர்மேல் பகை கொண்டிருந்தான். யூசுப்கான் மைசூராருடன் சேர்ந்து நகரைக் காட்டிக்கொடுக்க இசைந்ததாக ஒரு பொய்க்கடிதம் புனையப்பட்டு, ஆங்கிலேயர் கையில் அகப்படும்படி செய்யப்பட்டது. யூசுப்கான் காவலில் வைக்கப்பட்டார். விசாரணையில் உண்மை வெளியாயிற்று; பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டப்பட்டு மாண்டான். யூசுப்கானின் மானம் காக்கப்பட்டது. ஆனால், அந்நியரின் கீழ் எத்துணை உண்மையாக உழைத்தாலும், ஒரு துண்டுக் காகிதம் தம் வாழ்வைக் கவிழ்த்துவிடும் என்பதை அன்றே அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

1754-இல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக அவர் உயர்த்தப்பட்டார். தங்கப் பதக்கமும் பெற்றார். கமாண்டண்டு என்னும் அப்பதவிப் பெயரே மக்கள் வாயில் கம்மந்தான் என மருவியது. 1755-இல் கர்னல் ஏரன் தென்பாண்டி நாட்டின்மீது படையெடுத்தபோது யூசுப்கானும் உடன் சென்றார். பின்னர் மதுரையையும் திருநெல்வேலியையும் அடக்கும் பொறுப்பு அவருடைய தோளில் விழுந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நவாபுக்கு வரி செலுத்த மறுத்து எழுந்த நெற்கட்டும்செவல் பூலித்தேவரை ஒடுக்கியவர் இதே யூசுப்கான்தான். பல ஆண்டுப் போருக்குப்பின் 1761-இல் பூலித்தேவரின் கோட்டைகளை அவர் கைப்பற்றினார். இரு தமிழ்த் தலைவர்கள் ஒருவரோடொருவர் மோத, அதன் பயனை ஆர்க்காட்டு நவாபும் ஆங்கிலக் கம்பெனியும் அடைந்தனர். இன்று நாம் இருவரையும் ஒரே மேடையில் வைத்துப் போற்றுகின்றோம். அவ்வாறு போற்றும்போது, ஒருவர் மற்றவரின் கோட்டையை இடித்தார் என்பதையும் நினைவில் கொள்வதே நேர்மை.

1758-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் வெளியுதவியை எதிர்நோக்கித் தவித்தனர். தெற்கிலிருந்து விரைந்து வந்த யூசுப்கான், செங்கற்பட்டில் இருந்த காப்டன் பிரசுடனுடன் சேர்ந்து, லாலியின் படைக்கு வரும் உணவையும் தளவாடங்களையும் வழியிலேயே மறித்தார். இன்று ஓரிடத்தில் தாக்கி மறைவார். நாளை வேறிடத்தில் தோன்றுவார். 1759 பிப்ரவரி 9-ஆம் நாள் பரங்கிமலைப் பக்கத்தில் கடும்போர் நிகழ்ந்தது. அதே மாதம் 17-ஆம் நாள், ஆங்கிலேயக் கப்பல்கள் வரவே, லாலி முற்றுகையை விட்டகன்றார். சென்னை பிழைத்தது. அதற்குக் கப்பல்கள் எத்துணைக் காரணமோ, அத்துணைக் காரணம் வெளியே நின்று பொருத சிப்பாய்களும் அவர்தம் கம்மந்தானும் ஆவர். பிரசுடன் என்னும் பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

அவ்வாண்டிலேயே யூசுப்கான் மதுரைக்குத் திரும்பி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு எடுத்து ஆளத் தொடங்கினார். போரினால் பாழ்பட்டுக் கிடந்த நாடு அது. கொள்ளையை அடக்கினார், குளங்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார், நெசவாளருக்கு ஆதரவு அளித்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு உரிய நிலங்கள் பறிபோயிருந்ததை மாற்றி, பூசை தடையின்றி நடக்க வழி செய்தார். பிறப்பால் இந்துவாகவும் நெறியால் முசுலிமாகவும் இருந்த அவர், மாசா என்னும் கிறித்தவப் பெண்ணை மணந்திருந்தார். அவருடைய ஆட்சியில் எச்சமயத்தாரும் அஞ்சாது வாழ்ந்தனர் என்று மதுரை நாட்டார் நெடுநாள் சொல்லி வந்தனர்.

நாடு செழித்ததே அவருக்குப் பகையாயிற்று. யூசுப்கான் தம் பணியாள் என்றும், வரியைத் தம்மிடமே செலுத்த வேண்டும் என்றும் நவாபு முகம்மது அலி வற்புறுத்தினார். யூசுப்கானோ தாம் கம்பெனிக்கே கட்டுப்பட்டவர் என்று கருதினார். கூடுதல் தொகை தருவதாக அவர் சொல்லியும் கம்பெனியார் இசையவில்லை; நவாபின் பக்கமே சாய்ந்தனர். பன்னீராண்டு உழைப்பு ஒரு கையெழுத்தில் மறைந்தது. 1763-இல் யூசுப்கான் ஆங்கிலக் கொடியை இறக்கிப் பிரெஞ்சுக் கொடியை மதுரையில் ஏற்றினார். காலம் அவருக்குச் சாதகமாக இல்லை. அவ்வாண்டில்தான் பாரிசு நகரில் செய்யப்பட்ட உடன்படிக்கையின் வழியாகப் பிரெஞ்சு அரசே முகம்மது அலியை நவாபாக ஒப்புக்கொண்டது. எந்தக் கொடியின் நிழலை அவர் நாடினாரோ, அந்த நிழலே அங்கு இல்லாமற் போயிற்று.

1763-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரும் நவாபும் மதுரையை முற்றுகையிட்டனர். மழைக்காலம் வந்ததும் பின்வாங்கி, மறு ஆண்டு மீண்டும் வந்தனர். 1764-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் மதில்மீது பெருந்தாக்குதல் நடந்தது. உள்ளே நின்றவர்களும் சிப்பாய்கள்; வெளியே நின்றவர்களும் சிப்பாய்கள். இரு திறத்தாரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள். பலர் ஒரே பாசறையில் உண்டு உறங்கியவர்கள். யூசுப்கானின் வீரர்கள் அத்தாக்குதலை முறியடித்தனர். அன்று படுகாயமுற்று உயிர் நீத்த ஆங்கிலேயருள் ஒருவர் மேசர் பிரசுடன். ஐந்தாண்டுகளுக்கு முன் சென்னையைக் காக்கக் கம்மந்தானோடு தோள் சேர்த்து நின்ற அதே பிரசுடன்! உள்நாட்டுப் போரின் கொடுமையை விளக்க இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வாளால் வெல்ல முடியாத கோட்டையைப் பசி வென்றது. வழிகள் அனைத்தும் அடைக்கப்பட்டன; தானியம் தீர்ந்தது. திருச்சிராப்பள்ளியின் பசி தீர்க்க எருதுகளை நடத்தி வந்தவரின் சொந்த நகருக்குள் ஒரு மூட்டை அரிசியும் நுழைய முடியவில்லை. உள்ளிருந்தோர் மனம் சோர்ந்தனர். 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், திவான் சீனிவாசராவும், மருத்துவர் பாபா சாகிபும், பிரெஞ்சுப் படைத்தலைவன் மார்ச்சந்தும் சேர்ந்து, தொழுகையில் இருந்த யூசுப்கானைப் பிடித்துக் கட்டினர் என்பர். மார்ச்சந்து அவரை ஆங்கிலேயத் தளபதி காம்பெலிடம் ஒப்படைத்தான். ஆங்கிலேயர் அவரை நவாபிடம் ஒப்படைத்தனர். அக்டோபர் 15-ஆம் நாள் மதுரைக்கு மேற்கே, நவாபின் பாசறைக்கு அருகில், அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய உடலைப் பல கூறாக்கி வெவ்வேறு ஊர்களில் புதைத்தனர் என்பது வழிவழிச் செய்தி. இறந்தபின்னும் அவரிடம் அச்சம் நீங்கவில்லை போலும்.

மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவர் அடங்கிய இடத்தில் 1808-இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் அந்நகரில் அவர் பெயரை நிறுத்தியுள்ளன. கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலை நாட்டுப்புறத்தார் பாடினர். ஹில் என்னும் ஆங்கிலேயர் 1914-இல் அவர் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். தூக்கிலிட்டவர்களின் இனத்தைச் சேர்ந்தவரே அவர் வரலாற்றைத் தேடித் தொகுத்தார் என்பது எண்ணத்தக்கது.

இவரை நாம் எவ்வாறு மதிப்பது? தொடக்கமுதலே நாட்டு விடுதலைக்காக வாளெடுத்தவர் என்று புகழ்ந்தால் அது மிகை. கூலிக்குப் போரிட்டவர் என்று ஒதுக்கினால் அது குறை. பிறருடைய குடும்பப் பகையில் சம்பளத்துக்காகப் புகுந்தார். ஏற்ற பணியை எவரும் பழிக்க இயலாதவாறு செய்தார். ஆளும் பொறுப்பு வந்தபோது பாழ்நிலத்தைப் பயிர்நிலமாக்கினார். தம் உழைப்பை மதியாத ஆண்டைகளை எதிர்க்கத் துணிந்தார். அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தார். அவர் துணையால் நிலைபெற்ற நவாபின் ஆட்சியும் நெடுநாள் நிற்கவில்லை. 1801-இல் ஆங்கிலக் கம்பெனி ஆர்க்காட்டு நாட்டை முழுவதும் தனதாக்கிக் கொண்டது. சித்தூரும் திருப்பதியும் அதனோடு சென்றன. அண்ணன் தம்பியர் அடித்துக்கொண்ட வீட்டைக் கடன் கொடுத்தவன் எடுத்துக்கொண்டான்.

நாமும் ஊரை விட்டு வந்து, பிறரிடம் பணி செய்து வாழ்பவர்கள். நேர்மையாக உழைப்பது நம் கடமை. அவ்வுழைப்பு யாருக்குப் பயன்படுகின்றது, எதற்குப் பயன்படுகின்றது என்று இடையிடையே எண்ணிப் பார்ப்பதும் நம் கடமையே. கம்மந்தான் அதனை எண்ணத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. அன்று ஒரே வரிசையில் நின்ற தமிழரும் தெலுங்கரும் பிறர் போரில் மாண்டனர். இன்று அதே மண்ணில் நாம் அண்டை வீட்டாராய், ஒருவர் வீட்டு விழாவுக்கு மற்றவர் சென்று மகிழ்ந்து வாழ்கின்றோம். இவ்வமைதியின் அருமையை நம் பிள்ளைகள் உணர வேண்டும்.

கோடை விடுமுறைக்கு மதுரை செல்லும் அன்பர்கள், மீனாட்சியம்மையை வணங்கியபின் அரைமணி நேரம் ஒதுக்கிச் சம்மட்டிபுரத்துக்கும் சென்று வருவார்களாக. அடுத்தமுறை சந்திரகிரியில் கட்டுச்சோறு பிரிக்கும்போது, வேந்தர் கதையோடு இச்சிப்பாயின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக.